முப்பது டிகிரியும் ஒரு சிம் கார்டும்

2001ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்கத் தபாலில் போன சில உறைகளுக்குள் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துத்தூள் இருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் வாஷிங்டன் நகரத் தபால் பிரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டுத் தபால் துறை, கடிதம் பிரிக்கும் எந்திரங்களுக்குப் பக்கத்தில் காற்றை உறிஞ்சிக் கிருமி இருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்க்கும் கருவிகளை நிறுவியது. அந்தக் கருவிக்குள் இருந்த மரபணுச் சோதனைப் பொறி, கலிஃபோர்னியாவின் செஃபீட் நிறுவனம் செய்தது. அதே பொறியின் தங்கையைத்தான் இன்று நம் மாவட்டக் காசநோய் மையங்களில் 'சிபிநாட்' என்று சொல்கிறோம். கம்பெனி வைத்த பெயர் ஜீன்எக்ஸ்பெர்ட்.

தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒன்று சளி மாதிரிக்குத் திரும்பியது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய வரவு. அதுவரை காசக்கிருமியைக் கண்டறிய முக்கியமாக இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடுவது. 1882இல் ராபர்ட் காக் காசக்கிருமியைக் கண்டது முதல் ஏறக்குறைய மாறாத முறை. கிருமி குறைவாக இருந்தால் கண்ணுக்குச் சிக்காது. இன்னொன்று, கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இந்தக் கருவியோ இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னது: காசக்கிருமி இருக்கிறதா, இருந்தால் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா. சளியை வேதிக் கரைசலில் கலந்து, காட்ரிட்ஜில் ஊற்றி, கதவை மூடினால் போதும். மற்ற எல்லாவற்றையும் கருவியே பார்த்துக்கொள்ளும்.

மற்ற எல்லாவற்றையும் என்று சொன்னேன். கருவியோடு வரும் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது: சுற்றுப்புற வெப்பம் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையிலோ வேலூரிலோ ஏ.சி. இல்லாத ஓர் அறையில் வருடத்தில் எத்தனை நாள் பகல் வேளை முப்பதுக்குக் கீழே இருக்கும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நைஜீரியாவின் வடக்கு மாநிலங்களில் கேட்கவே வேண்டாம்.

இந்த முப்பது டிகிரி எங்கிருந்து வந்தது? காட்ரிட்ஜுக்குள் நடப்பது பி.சி.ஆர். வினை. கிருமியின் மரபணுத் துணுக்கைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரியும். அறுபதுகளுக்கு இறக்கினால் ஒவ்வோர் இழையின் மீதும் புது இழை படியும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. முப்பது சுற்று போனால் ஒரு துணுக்கு நூறு கோடியைத் தாண்டிவிடும். இந்த ஏற்ற இறக்கம் வேகமாகவும் துல்லியமாகவும் நடந்தாக வேண்டும். ஏற்றுவது சுலபம், சுடும் பீங்கான் தகடுகள் அதைச் செய்கின்றன. இறக்குவதற்கு அந்தக் கருவியிடம் இருப்பது ஒரு சின்ன விசிறியும் அறையின் காற்றும்தான். சூடான டீயை அனல்காற்றில் ஆற்றினால் எவ்வளவு நேரமாகும்? அதே தொல்லைதான் இங்கேயும். அறை சூடாக இருந்தால் ஒவ்வொரு சுற்றும் தாமதமாகும். தாமதம் ஓர் எல்லையைத் தாண்டினால் கருவி 'பிழை' என்று சொல்லி நின்றுவிடும். விசிறி காற்றை இழுப்பதால் தூசியும் சேர்ந்து வரும். வடிகட்டி அடைத்தால் காற்று குறையும்; காற்று குறைந்தால் மறுபடியும் சூடு. கடைசியில் ஒளியை அளந்து முடிவு சொல்லும் உணர்கண்ணும் நாள்பட நாள்பட அளவு பிசகும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காட்ரிட்ஜ்களுக்கோ 28 டிகிரிக்கு மேல் ஆகாது. பெட்டி பெட்டியாக வரும் அவற்றை வைக்கத் தனியாகக் குளிரான இடம் தேவை.

ஆகவே ஏ.சி. வாங்கினார்கள். ஏ.சி. கரண்ட்டைக் கேட்டது. கரண்ட் போனால் பாதியில் நின்ற சோதனை வீண். காட்ரிட்ஜும் வீண். நோயாளி மறுபடி வந்து சளி கொடுக்க வேண்டும், வந்தால். அதனால் யூ.பி.எஸ். வைத்தார்கள். யூ.பி.எஸ். கருவியைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. மின்வெட்டு நேரத்தில் கருவி ஓடிக்கொண்டிருக்கும், அறை சூடேறிக்கொண்டிருக்கும். அந்த யூ.பி.எஸ்.ஸின் ஈய அமில பேட்டரிக்கும் வெயில் ஆகாது. சுற்றுவெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நாலு மாட்யூல், அதாவது காட்ரிட்ஜ் போடும் நாலு தனிப் பிரிவுகள், கொண்ட கருவி, ஏழை நாடுகளுக்கான சலுகை விலையில் சுமார் 17,000 டாலராக இருந்தது. காட்ரிட்ஜ் விலையை 2012இல் 9.98 டாலராகக் குறைத்தபோது பெரிய செய்தியானது. ஆனால் ஏ.சி., ஸ்டெபிலைசர், பேட்டரி, சோலார் தகடு, பூட்டுப் போட்ட அறை, வருடாந்தரச் சரிபார்ப்பு என்று கூடவே வந்த பட்டியலைப் பற்றி யாரும் செய்திக்குறிப்பு வெளியிடவில்லை.

இதைத்தான் நான் கண்ணுக்குத் தெரியாத அறை என்று சொல்வேன். எந்த மருத்துவக் கருவியும் ஓர் அறையை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகிறது. குளிர்ந்த, தூசியில்லாத, கரண்ட் போகாத, இன்டர்நெட் அறுந்துபோகாத அறை. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சர்வீஸ் இன்ஜினியர், கூப்பிட்டால் வருவார். பெட்டியில் கருவி மட்டும் வருகிறது, அறை வருவதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் மால்கினும் லோரா பெரியும் 16 நாடுகளின் மருத்துவமனைக் கணக்கேடுகளைச் சேர்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1,12,040 கருவிகளில் 38.3 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன. அவர்கள் சொன்ன காரணங்கள் பயிற்சி இல்லை, பராமரிப்பு நிர்வாகம் இல்லை, கரண்ட் போன்ற கட்டமைப்பு இல்லை என்பவை. கருவி மட்டமானது என்பதை அவர்கள் முதன்மைக் காரணமாகச் சொல்லவில்லை.

*

இப்போது வலைப்பின்னலுக்கு வருவோம். முதல் சில வருடங்களில் ஜீன்எக்ஸ்பெர்ட்டின் முடிவு பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டெக்னீஷியன் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். பதிவேட்டிலிருந்து ஒரு சீட்டு. சீட்டு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் பையிலாவது ஏறிப் போகும். இரண்டு மணி நேரத்தில் வந்த முடிவு நோயாளியைச் சேர இரண்டு வாரமானால் வேகமான கருவி வாங்கியதற்கு என்ன அர்த்தம்? மருந்துக்கு அடங்காத காசநோய் என்று தெரிந்த ஒருவர், தெரிந்தது தனக்கே தெரியாமல் வீட்டில் இருமிக்கொண்டிருப்பார்.

அதற்கு வந்த தீர்வுகளில் ஒன்றின் பெயர் ஜிஎக்ஸ்அலர்ட். நைஜீரியா உள்படப் பல நாடுகளில் பரவியது. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள், யூ.எஸ்.பி.யில் சிம் கார்டு போட்ட மோடம், அவ்வளவே. சோதனை முடிந்தவுடன் முடிவு மறைகுறியாக்கப்பட்டு செல்போன் வலைப்பின்னல் வழியே மைய சர்வருக்குப் போகும். அங்கிருந்து டாக்டருக்குக் குறுஞ்செய்தி. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் சிக்னல் வந்துபோகும் இடத்தில் இதைச் சரியாகச் செய்வது ஒரு தனிக் கலை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் விதி: சிக்னல் இல்லாமல் இருப்பதே இயல்பு நிலை என்று எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். நகரத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்கு இணைப்பு அறுவது ஒரு விபத்து. வயல்வெளி ஆஸ்பத்திரியில் இணைப்பு கிடைப்பதுதான் நிகழ்வு. அதனால் முடிவை முதலில் உள்ளேயே பத்திரமாக எழுதிவைக்க வேண்டும். வரிசையில் நிறுத்த வேண்டும். சிக்னல் வரும்போது அனுப்பி, 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை அழிக்கக் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தது என்றால் கருவி மறுபடி அனுப்பும். சர்வர் அதை இன்னொரு நோயாளியாகக் கணக்கு வைத்தால் அந்த மாவட்டத்தில் காசநோய் ஒரே இரவில் கூடிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் பிறக்கும்போதே மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

அடுத்தது கடிகாரம். பழைய கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் ஓடும். அந்தத் தேதியை நம்பி வரிசைப்படுத்தும் சர்வர் இன்றைய நோயாளியைப் பழங்கணக்கில் போட்டுவிடும். அனுப்பிய நேரம், கிடைத்த நேரம் இரண்டையும் தனித்தனியே பதிவது நல்லது.

செய்தி சின்னதாக இருப்பதும் முக்கியம். ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்தான் அடங்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்து. யூனிகோடில் தமிழ் எழுதினால் 70 குறியீடுகளோடு முடிந்துவிடும், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடாகக் கணக்காகும். ஆனாலும் ஒரு சோதனையின் சாரம், எண், தேதி, ஆம் அல்லது இல்லை, மருந்துக்கு அடங்குமா என்பது 140 பைட்டுக்குள் தாராளமாக அடங்கும். வண்ண வரைபடத்தோடு பக்கம் பக்கமாக அனுப்ப நினைக்கிறவர்கள்தான் சிக்னல் போதவில்லை என்று குறைப்படுவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சிக்கல் மௌனம். மூன்று நாளாக ஒரு கருவியிடமிருந்து செய்தி இல்லை. கருவி பழுதா? கரண்ட் இல்லையா? டெக்னீஷியன் விடுப்பிலா? நோயாளிகளே வரவில்லையா? அல்லது சிம் கார்டில் பணம் தீர்ந்துபோய் எல்லாச் சோதனையும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறதா? மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை அனைத்தும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் நல்ல வடிவமைப்பாளர்கள் கருவியை, சொல்ல ஒன்றும் இல்லாதபோதும், 'உயிரோடு இருக்கிறேன், கரண்ட் இருக்கிறது, இன்று சோதனை எதுவும் நடக்கவில்லை' என்று அவ்வப்போது சொல்ல வைப்பார்கள். ரீசார்ஜ் யார் செய்வது என்ற கேள்விக்கு மட்டும் வடிவமைப்பில் விடை கிடையாது. திட்டம் போடும்போதே அதற்கு ஒரு பட்ஜெட் தலைப்பு இருக்க வேண்டும்.

இப்படி இணைத்த பிறகு, எதிர்பார்த்த பலன் வந்தது: டாக்டருக்கு முடிவு சீக்கிரம் போனது. அதைவிடப் பெரிய பலன் என்று எனக்குத் தோன்றுவது வேறு. கருவிகள் தங்களைப் பற்றியே பேச ஆரம்பித்தன. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பிழை எண் உண்டு. ஓர் ஆய்வகத்தில் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் சளியைச் சரியாகக் கரைக்கவில்லை, டெக்னீஷியனுக்குப் பயிற்சி தேவை என்று ஊகிக்கலாம். வெப்பப் பிழை பகல் இரண்டு மணிக்கு மேல் மட்டும் வந்தால் ஏ.சி.யைப் பார்க்க வேண்டும். நாலு மாட்யூலில் மூன்றாவது மட்டும் அடம்பிடித்தால் அதை மாற்ற வேண்டும். காட்ரிட்ஜ் எவ்வளவு மிச்சம், எது காலாவதியாகப் போகிறது என்பதும் தெரியும். முன்பெல்லாம் இந்த விவரங்கள் மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்து இறங்கும்வரை அந்த அறைக்குள்ளேயே கிடந்தன.

*

வலைப்பின்னல் என்றால் கண்டம் விட்டுக் கண்டம் என்று நினைக்க வேண்டாம். மிகக் கடினமான தூரம் இரண்டு மீட்டராகவும் இருக்கலாம்.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் அடங்குவதற்குள் 28,600 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். சிகிச்சை மையங்களில் நோயாளிகள் இருக்கும் பகுதிக்குச் சிவப்பு மண்டலம் என்று பெயர். உள்ளே போகிறவர்கள் தலைமுதல் கால்வரை மூடிய உடையில், இரட்டைக் கையுறையோடு, ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, அந்த வெக்கையில் சுமார் ஒரு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்க முடியும். உள்ளே போன எதுவும் வெளியே வரக் கூடாது. ஒரு தாள்கூட. எனவே டாக்டர் உள்ளே எழுதிய குறிப்பைக் கம்பிவேலிக்கு அருகே வந்து உரக்கப் படிப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கேட்டு எழுதிக்கொள்வார். உள்ளே எழுதிய தாள் எரிக்கப்படும். முகமூடிக்குள்ளிருந்து வரும் குரலில் 'பதினைந்து' என்பது 'ஐந்து' என்று கேட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் கணிசமான பகுதி இப்படிக் கத்துவதிலேயே போனது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதற்கு வழி கேட்டது. கூகுள் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஒரு டேப்லெட்டை உருவாக்கினார்கள். அதற்குப் பாலிகார்பனேட் உறை, 0.5 சதவீத குளோரின் கரைசலில் முக்கி எடுத்து வெளியே கொண்டுவரலாம். முனைகள் மழுங்கலானவை, ஏனென்றால் கூர்முனை பாதுகாப்பு உடையைக் கிழித்தால் அது உயிர் போகிற விஷயம். சார்ஜ் செய்யத் துளை கிடையாது. மேசை மீது வைத்தாலே ஏறும். இரட்டைக் கையுறை விரலுக்கேற்பப் பெரிய பொத்தான்கள். சர்வர் உள்ளங்கையளவுப் பெட்டி, பேட்டரியில் ஓடும், வேலிக்கு வெளியே இருக்கும். இன்டர்நெட் அறவே தேவையில்லை. வேலியைத் தாண்டும் ஒரு வைஃபை போதும். அதன் அடிப்படை மென்பொருள் ஓபன்எம்ஆர்எஸ், 2004இல் தொடங்கி கென்யாவின் எல்டோரெட்டில் எய்ட்ஸ் நோயாளிகளின் பதிவுகளுக்காக வளர்ந்தது. அதே மென்பொருளை வைத்து, சியரா லியோனின் கெரி டவுன் மையத்தில் சேவ் தி சில்ட்ரன் அமைப்புக்காக இன்னொரு குழுவும் வேலிக்கு இருபுறமும் இயங்கும் பதிவு முறையைக் கட்டியது.

கூகுள் டேப்லெட் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தொற்று வேகமாகத் தணிந்துகொண்டிருந்தது. தாமதம்தான், மறுக்க முடியாது. நெருக்கடி வந்த பிறகு கருவி வடிவமைக்க உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். இருந்தாலும் அந்த வடிவமைப்பில் ஒரு நேர்மை இருப்பதாக நினைக்கிறேன். அந்த இடத்தில் எது கிடைக்காது என்று முதலில் பட்டியல் போட்டு, பிறகு மிச்சமிருப்பதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

தடுப்பூசிக் குளிர்பெட்டி தரும் பாடம் வேறு. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியின் சுவருக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும். வெளியே 43 டிகிரி அடித்தாலும் கரண்ட் இல்லாமல் குறைந்தது 20 மணி நேரம் குளிர் தாங்க வேண்டும் என்பது அதற்கான உலகத் தர விதி. 2015இல் தொடங்கிய இந்தியாவின் 'இவின்' திட்டம் இந்தப் பெட்டிகளுக்குள் சிம் கார்டு போட்ட வெப்பமானியை வைத்தது. 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போனால் குறுஞ்செய்தி வரும். சூடு மட்டும் ஆபத்து இல்லை. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி ஒருமுறை உறைந்தால் கெட்டது, பார்வைக்கு அது சட்டெனத் தெரியாது. எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் செய்தி வரும் நர்ஸிடம் சாவியும் மாற்றுப் பெட்டியும் இல்லையென்றால் அது தூக்கத்தைத்தான் கெடுக்கும். அந்த இருபது மணி நேரத்தைக் கொடுப்பது பனிக்கட்டி. சிம் கார்டு அந்த நேரத்தைப் பயன்படுத்தச் சொல்கிறது, அவ்வளவே.

*

காசநோய்க்குத் திரும்புகிறேன். அறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதென்றால், அறையைக் கருவிக்குள்ளேயே வைத்துவிடலாமே? செஃபீட் 2015இல் ஓம்னி என்ற சின்னக் கருவியை அறிவித்தது. பேட்டரியில் ஓடும், கையில் தூக்கலாம், தானே வலைப்பின்னலில் சேரும். உலகமே காத்திருந்தது. வருடத்துக்கு வருடம் தள்ளிப்போய்க் கடைசியில் கைவிடப்பட்டது. அதற்காகக் காத்திருந்த சில திட்டங்கள் வேறெதையும் வாங்காமல் காலத்தைக் கழித்தன என்பதுதான் வருத்தம்.

அந்த இடத்தை நிரப்பியது கோவாவின் மோல்பயோ நிறுவனமும் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகமும் சேர்ந்து செய்த ட்ரூநாட். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. அதற்கு ஏ.சி. தேவையில்லை, 40 டிகிரி வரை தாங்கும். வேதிப்பொருட்கள் உலர்ந்த நிலையில் வரும், வினை ஒரு சின்னச் சில்லில் நடக்கும். உள்ளேயே பேட்டரி, முடிவைத் தானே அனுப்பும். கொரோனா காலத்தில் சிறிய ஊர்களில் பி.சி.ஆர். சோதனை நடக்க இது பெரிதும் உதவியது. ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ஜீன்எக்ஸ்பெர்ட்டில் ஊற்றி மூடினால் முடிந்தது. ட்ரூநாட்டில் மரபணுவைப் பிரித்தெடுக்க ஒரு கருவி, சோதிக்க இன்னொன்று. நடுவில் ஒரு மனிதர் மைக்ரோபிப்பெட்டால் ஆறு மைக்ரோலிட்டரை எடுத்துச் சில்லில் விட வேண்டும். வெயிலைத் தாங்கும் சுமையைக் கருவி எடுத்துக்கொண்டது. துல்லியத்தின் சுமையில் ஒரு பங்கை டெக்னீஷியனின் கைக்கு மாற்றிவிட்டது. மின்சாரம் நிலையாக இருந்து, மாதிரிகள் குவியும் மாவட்ட மையத்துக்கு ஜீன்எக்ஸ்பெர்ட்டும், மலையடிவாரத்து நிலையத்துக்கு ட்ரூநாட்டும் பொருத்தம் என்பேன். எது உயர்ந்தது என்று கேட்பது வீண்.

மலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கருவியோடு வரும் கம்ப்யூட்டரில் பழைய வகை ஹார்ட் டிஸ்க் இருந்தால் அது சுமார் 3,000 மீட்டர் உயரம் வரைதான் உத்தரவாதம். படிக்கும் ஊசிமுனை, சுழலும் தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்த லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூட்டுக்கு ஏ.சி. கேட்ட கருவி அங்கே போனால் காற்றையே கேட்கும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. இந்தத் தொல்லையைப் பேசாமல் தீர்த்துவிட்டது. அதில் சுழல்வது எதுவும் இல்லை.

பழுதுபார்ப்பவரைப் பற்றி, முன்பு சொன்ன பேராசிரியர் மால்கின் இன்னொரு ஆய்வும் செய்திருக்கிறார். 2010இல் வெளியானது. 11 நாடுகளின் 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்ததில், வெளிநாட்டு உதிரிப்பாகம் ஏதுமின்றி, 107 அடிப்படைத் திறன்களை மட்டும் கற்றவர் மூன்றில் இரண்டு பங்குக் கருவிகளை மீண்டும் ஓட வைத்துவிடலாம் என்று தெரிந்தது. ஃபியூஸ் மாற்றுவது, அறுந்த ஒயரை ஒட்டுவது, குழாய் அடைப்பு எடுப்பது போன்றவைதான் அவற்றில் பல. மூன்றாவது மாட்யூல் செத்துவிட்டது என்று வலைப்பின்னல் தலைநகருக்குச் சொன்ன பிறகு நடக்க வேண்டியதும் இந்த வகை வேலைதான்.

ஜீன்எக்ஸ்பெர்ட் விஷயத்தில் கம்பெனியும் ஒரு விதத்தில் இந்த வழிக்கே வந்தது. ஆரம்பத்தில் வருடாந்தரச் சரிபார்ப்புக்காக மாட்யூலைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கப்பலோ விமானமோ, சுங்கமோ, எதில் மாட்டினாலும் ஆய்வகம் அதுவரை மூன்று மாட்யூலோடு ஓடும். பிறகு சரிபார்ப்புக் காட்ரிட்ஜ்கள் அடங்கிய ஒரு பெட்டியை ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள். உள்ளூர் டெக்னீஷியன் வடிகட்டியைத் துடைத்துவிட்டு, அந்தக் காட்ரிட்ஜ்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுவார். அளவீடுகள் கம்பெனிக்குப் போகும், சான்றிதழ் திரும்பி வரும். மாட்யூல் இருந்த இடத்தை விட்டு நகராது.